பத்தரை மணிக்கு வந்தவர்

எங்கள் ஆஸ்பத்திரியின் கிளினிக் அட்டைகளைக் கொம்பியூட்டரில் ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பதிவறையில் இரண்டு பேர்: நானும், அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்று கூப்பிடும் காத்தான்குடிக்காரரும். வேலை முடிந்ததும் ஓர் ஆள் போதும், மற்றவருக்கு இடமாற்றம் என்று சொல்லிவிட்டார்கள். யாருக்கென்று சொல்லவில்லை. கடிதக்கட்டோடு பியோன் வரும்போதெல்லாம் உறைகளில் என் பெயரைத் தேடுவேன்.

இந்த நேரத்தில்தான் புதிதாக வந்த டொக்டர் அம்மா ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். வியாழக்கிழமைகளில், தேநீர் நேரத்தில், அந்தக் கிழமை நடந்த நல்லதை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும்; அவர் அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். எனக்கு எரிச்சலாக இருந்தது. முதல் வாரம் எல்லாரும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானாதான் தொண்டையைச் செருமினார்.

"இந்தக் கிழமை ஒரு அட்டையும் துலையல்ல, டொக்டர்."

சிரித்துவிட்டோம். மறுநாள் அதற்காகவே மஸ்கட் அல்வா வாங்கி வந்தார்.

"நம்மட கதிரையே ஆடுது, உங்களுக்கு அல்வாவா நானா?"

"கதிரை ஆடட்டும் தங்கச்சி. நீங்க அல்வாவ எடுங்க."

கிரானில் வெள்ளாமை செய்யும் ஒருவர் சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் வருவார். ஆளுக்கொரு நேரம் கொடுக்கும் புதிய முறைப்படி அவருடைய கிளினிக் கொப்பியில் பத்தரை மணி என்று எழுதிக் கொடுத்தோம். அவரோ விடியவே வந்து வாங்கில் குந்திவிடுவார். கேட்டால், "நம்பர் போயிரும் புள்ள" என்பார்.

மூன்றாம் மாதம் எட்டு மணிக்கும் அவர் குந்தும் வாங்கு வெறுமையாக இருந்தது. மனுசனுக்கு என்னவோ என்று மூன்று தரம் எழும்பி வாசலைப் பார்த்தேன். பத்து இருபதுக்கு வந்தார். காலில் சேறு காயவில்லை.

"வயல் வட்டைக்குள்ள தண்ணி கட்டிப்போட்டு வாறன். பத்தரைதானே எழுதித் தந்தீங்க?"

"ஓம் ஐயா, பத்தரைதான்."

அவர் எங்களை நம்பிவிட்டார். அந்த வியாழன் நானாகவே எழும்பி அதைச் சொன்னேன். முதலில் கை தட்டியவர் நானா.

அன்று பின்னேரமே கடிதம் வந்தது. நானாவுக்கு. வாழைச்சேனைக்கு அப்பால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. 'அப்பாடா' என்றுதான் என் மனம் முதலில் சொன்னது. பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறைக்கவும் முடியவில்லை.

"எனக்கு வரல்லயெண்டு சந்தோசப்பட்டுட்டன் நானா."

"நானெண்டாலும் அப்பிடித்தான்," என்றார் தலை நிமிராமல். "அந்த அட்டைக் கட்டை இஞ்சால தாங்க, இண்டைக்கு முடிப்பம்."

அவர் போன பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. பக்கத்துக் கதிரையை நகர்த்தி வைப்பேன், திரும்ப இழுத்து வைப்பேன். ஒரு வியாழன் காலை அவரே எனக்குப் போன் எடுத்தார். அங்கேயும் அட்டை ஏற்றத் தொடங்கிவிட்டார்களாம். முதல் நாளே பன்னிரண்டு முடித்தாராம். "நம்மட டொக்டரிட்டச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அது நம்முடைய ஆஸ்பத்திரி இல்லையே என்று யாரோ கேட்டார்கள். டொக்டர் அம்மா அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.