கிவ் அப் கிராணி

பல் துலக்கும்போதே பரஞ்சோதிக் கிராணி, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று விரலை மடக்க ஆரம்பித்துவிடுவார். அடுப்புக்கரி ஒரு கையில், ஆங்கிலம் மறு கையில். சுருட்டை விட்டுவிட்டால் கிவ் அப். ரயிலில் வெள்ளைக்காரிக்கு எழுந்து இடம் கொடுத்தாலும் கிவ் அப். சண்டையில் தோற்றுக் கையைத் தூக்கினாலும், ஒளிந்தவனைப் பிடித்துக் கொடுத்தாலும் அதே கிவ் அப்தான். தோட்டத்தில் ஓர் ஆளிடம் மூன்று ஆள் வேலை வாங்கிய வெள்ளைக்காரன், சொல்லை மட்டும் சும்மா விடுவானா என்பார்.

மலாயாவில், சுங்கை லாலாங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி; அங்கே ஆங்கிலம் தெரிந்த ஒரே தமிழர் அவர். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டவரும் அவரே. மாட்டைக்கூட "கெட் அவுட்" என்றுதான் விரட்டுவார். மாடு போகாது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறித் தெற்கே பறந்தார். "தொர கிவ் அப் பண்ணிட்டாரு லா," என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று விளக்கினார் கிராணி. கேட்டவர்களுக்கு அரிசிக் கவலை.

இப்போது ரப்பரை வாங்க ஆளில்லை. கிராணியும் மரவள்ளி நடுகிறார், அதையும் கோணலாக. "நான் படிச்ச படிப்புக்கு இந்தக் கெழங்கு கூட மரியாத தர மாட்டேங்குது," என்று அவரே சிரிப்பார்.

"வெரல மடக்குற நேரத்துல மம்பட்டியப் புடிங்க. வயிறாச்சும் நெறையும்," என்பாள் மனைவி அம்சவள்ளி. அதில் நியாயம் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த இங்கிலீஷையும் விட்டால், கிராணி என்று சொல்லிக்கொள்ள அவரிடம் வேறென்ன மிச்சம்?

போன மாதம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க ஜப்பான்காரனின் லாரி வந்தது. முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. பாப்பம்மாவின் ஒரே மகன் பிச்சையை, ரப்பர் ஷீட் உலர்த்தும், இப்போது நெருப்பில்லாமல் ஆறிக்கிடந்த புகைவீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியவர் கிராணிதான். அடுத்த தோட்டத்தில், ஆங்கிலம் தெரிந்தவன் என்பதாலேயே அங்கிருந்த கிராணியை ஜப்பான்காரர்கள் அடித்து இழுத்துப் போய், ஒளிந்த ஆட்களைக் காட்டச் சொன்னார்களாம்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி எண்ணியதில் ஓர் ஆள் குறைந்தது. ஜப்பானிய அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளனுக்கு ஆங்கிலத்தை விட்டால் ஜப்பானியம்தான். தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. "கிராணி! கிவ் அப் தி மேன்!" என்று கத்தினான். உச்சரிப்பு படுமோசம். அதைத் திருத்தக் கிராணியின் நாக்கு துடித்தது. ஊரே பார்க்க ஆங்கிலம் பேச இப்படியொரு சந்தர்ப்பம் இனி எந்த ஜென்மத்தில் வாய்க்கும்?

"தா தாவு, துவான்," என்றார் மலாயில். தெரியாது, ஐயா.

கன்னத்தில் அறை விழுந்தது. "நம்ம கிராணிக்கே வெளங்கலயா?" என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அறையைவிட அது அதிகம் வலித்தது. அதே ஆங்கிலம் மறுபடி, இன்னும் உரக்க.

பரஞ்சோதிக் கிராணி தலையைச் சொறிந்தார். பிறகு, ஓரெழுத்தும் அறியாத பாப்பம்மாவின் பக்கம் குனிந்து, காதருகே கையைக் குவித்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"அக்கா, இவரு என்னா சொல்றாரு?"