நான்காம் எண்ணின் நோன்பு

தூனிஸ் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றின் வாசலில் முன்ஜி காவல் இருக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. சிலியானாப் பக்கத்துக்காரர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு ஆடு மேய்த்தவர். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவர் மனைவி மபார்க்கா, காய்ச்சாத ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு ஐந்து மாதம் காய்ச்சலில் கிடந்தாள். மருந்து கொடுத்தால் காய்ச்சல் போகும், நிறுத்தினால் பழகின பூனை மாதிரி திரும்பி வரும். “இந்தச் சனியன் உடம்புல எங்கதான் ஒளிஞ்சுக்குது?” என்று அவர் கேட்டதற்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. அல்லாஹ் அவளைப் பிழைக்க வைத்தான். கேள்வி மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

பல வருஷம் கழித்துப் பதில் சொன்னவள், மாடியில் ஆராய்ச்சி செய்கிற ஆம்னா.

“நம்ம ரத்தத்துல காவல்கார அணுக்கள் இருக்கு, மாமா. கிருமியைக் கண்டா முழுங்கிடும். ஆனா இந்த ஜாதிக் கிருமி உள்ளே போயும் சாகாது. காவல்காரன் வயித்துக்குள்ளேயே குடித்தனம் பண்ணும்.”

“அடப்பாவி! காவல்காரன் வீட்டுலயேவா?”

“அவனும் சும்மா இருக்கமாட்டான். கிருமி மேல அடையாளச் சீட்டு ஒட்டுவான். ஒட்டினதைப் பையில கட்டி, கரைக்கிற அறைக்குத் தள்ளுவான். அது தின்னுற இரும்புச்சத்தை ஒளிச்சு வைப்பான். ஒண்ணும் முடியலேன்னா, தானே வெடிச்சு மத்த அணுக்களை எழுப்பிவிட்டுட்டுச் செத்துப்போவான்.”

அந்தக் கடைசிப் பேச்சு முன்ஜியின் மனசில் தைத்துவிட்டது. தன் உடம்புக்குள் தனக்காகச் சாகிறவர்கள் இருக்கிறார்கள், தனக்கோ அவர்கள் பேர் கூடத் தெரியாது. மறுநாளே ஆம்னாவின் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கப் பெயர் கொடுத்தார். ரத்தம் கொடுப்பவர்கள் மொத்தம் எட்டுப் பேர். நோட்டுப் புத்தகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். முன்ஜி நான்கு.

மாதம் ஒருமுறை, காலையில், ஒரு சின்னக் குழாய் ரத்தம். எடுத்தவுடனே அந்த அணுக்களைக் கிருமியோடு விட்டு, உள்ளே போன நூறு கிருமியில் எத்தனை உயிரோடு மிஞ்சுகிறது என்று ஆம்னா எண்ணுவாள். நான்காம் எண்ணுக்கு எப்போதும் நாற்பதை ஒட்டித்தான் வரும். எடுப்பதற்கு முன்னால், “என்ன சாப்பிட்டீங்க, மாமா?” என்று கேட்டு எழுதிக்கொள்வாள். கொண்டைக்கடலை சூப் என்பார் பெரும்பாலும்.

ஆராய்ச்சியின் கடைசி மாதம், ரமளான் முடிந்து வரும் பெருநாள் கழித்து வந்தது. ரமளானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் விரும்பினவர்கள் வைக்கிற ஆறு நோன்பை முன்ஜி பிடித்துக்கொண்டிருந்தார். கடமையில்லாத நோன்பு அடியானுக்கும் அவன் ரப்பான அல்லாஹ்வுக்கும் நடுவில் இருக்க வேண்டியது என்பது அவர் எண்ணம். அதனால் வேலை இடத்தில் மூச்சு விடவில்லை. டீ கொண்டுவருகிற நாஸர் பெருநாள் மிச்சப் பாதாமைப் போட்டுக் கண்ணாடி தம்ளரை நீட்டுவான். இவர் துஆ சொல்லி வாங்கிக்கொண்டு, அவன் தலை மறைந்ததும் மல்லிகைத் தொட்டியில் ஊற்றிவிடுவார்.

“பெருநாள் முடிஞ்சும் ஏன் மாமா மூஞ்சி ரமளான்லயே நிக்குது?” என்பான் நாஸர்.

“அது உம்மா குடுத்த மூஞ்சிடா. போய் வேலையைப் பாரு.”

ரத்தம் எடுக்கும் அன்று காலையில் மாடியில் ஏதோ மெஷின் மக்கர் பண்ணியது. எடுத்தது பகல் மூன்று மணிக்கு. என்ன சாப்பிட்டீர்கள் என்றாள். “பஸீஸா” என்றார். வறுத்த மாவில் எண்ணெய் விட்டு மபார்க்கா பிசைந்து கொடுத்தது. பொய்யில்லை. எப்போது என்று அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆம்னா சிவந்த கண்ணோடு வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

“உங்க குழாய்ல பன்னிரண்டுதான் மிஞ்சியிருக்கு, மாமா. என் கைதான் தப்புப் பண்ணியிருக்குங்கிறார் பேராசிரியர். ஒரு குழாய் தப்புன்னா எட்டையும் நம்ப முடியாதாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள காரணம் சொல்லணும். இல்லேன்னா இந்த மாசக் கணக்கு மொத்தமும் அடிச்சிடுவாங்க. என் பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.”

“தப்புப் பண்ணினியா?”

“இல்ல மாமா. சத்தியமா இல்ல.”

பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு முன்ஜி வெகுநேரம் பாயை விட்டு எழவில்லை. சொன்னால் மூடி வைத்த நோன்பு வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் குற்றமில்லாத ஒரு பெண்ணின் கை குற்றவாளியாகும். யா அல்லாஹ், உனக்காக மறைத்தேன். இன்னொருத்தி தலையில் விழுகிற மறைப்பு எப்படி உனக்குப் பிடிக்கும்? பாயைச் சுருட்டிவிட்டு மாடிப்படி ஏறினார்.

“மகளே, அந்த பஸீஸாவை எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன்னு நீ கேக்கவே இல்லையே.”

“எத்தனை மணிக்கு?”

“விடியறதுக்கு முன்னாடி, நாலு மணிக்கு. அப்புறம் தண்ணிகூட இல்ல.” தலையைக் குனிந்துகொண்டார். “அஞ்சாவது நோன்பு.”

ஆம்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் சிரித்தாள், கண்ணும் நிறைந்தது.

“பசிச்ச அணு தன் வீட்டையே பெருக்கித் தின்ன ஆரம்பிக்கும், மாமா. மூலையில ஒளிஞ்சிருக்கிற கிருமியும் அதுல மாட்டியிருக்கலாம். அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா காரணம்னு காட்ட இது போதும்.”

“என் பேரு…”

“பேரு எங்கே இருக்கு? பாருங்க.” எழுதியதை வாசித்துக் காட்டினாள்: எண் நான்கு, பதினொரு மணி நேரம் உண்ணாதவர்.

பேராசிரியர் கணக்கை அடிக்கவில்லை. திரும்பச் செய்து பார் என்றார். முன்ஜிக்குத் திங்கட்கிழமை நோன்பும் வழக்கம்தான். அதே பகல் மூன்று மணிக்கு, இரண்டு திங்கள் வெறும் வயிற்றிலும் இரண்டு செவ்வாய் சாப்பிட்டுவிட்டும் ரத்தம் கொடுத்தார். திங்களில் பதினான்கு, பதினொன்று. செவ்வாயில் முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. ஒரு ஆள் ரத்தம் ஊருக்கெல்லாம் சாட்சியாகாது, இன்னும் பலரைப் பார்க்கவேண்டும் என்றாராம் பேராசிரியர். பட்டம் மட்டும் தள்ளிப்போகவில்லை.

அந்த இரண்டாம் செவ்வாயன்று நாஸர் பாதாம் டீயோடு வந்தான். தம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

“குடிங்க மாமா. இன்னைக்குச் செவ்வாய்தானே.”

முன்ஜிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாஸர் மல்லிகைத் தொட்டியைக் காட்டினான். மண்மேல் ஊறிப்போன பாதாம் பருப்புகள் வரிசையாகக் கிடந்தன.

“மல்லிகை டீ குடிக்கும், சரி. பாதாம் கடிக்குமா? பெருநாள் முடிஞ்ச மறுநாளே தெரியும் எனக்கு.”

“தெரிஞ்சுமாடா தினம் கொண்டுவந்தே?”

“உங்களுக்கு மட்டும் கொண்டுவராம விட்டா, ஏன்னு எல்லாரும் கேப்பாங்களே.”

முன்ஜி பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தார். பாதாமை ஒவ்வொன்றாகக் கடித்தார். தம்ளர் காலியாகும்வரை நாஸரின் கையை விடவில்லை.