நான் பார்த்திராத என் வலிப்பு

வலிப்பு வராதா என்று நான் ஏங்கியது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்தான். அதுவரை வந்துவிடுமோ என்றே பயந்திருந்தேன். என் குத்தகை நிலத்துக்காக வழக்கு நடந்த காலத்தில் விவசாயிகள் சங்கக் கூட்டங்களில்கூட, விழுந்துவிடுவேனோ என்று வாசலோரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். நிலம் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் ஒருநாள் வாய்க்காலில் குப்புற விழுந்தேன். அதன்பின் தண்ணீர் பாய்ச்சத் தனியே போக மனைவி விடவில்லை. தன் நடவு வேலையை விட்டுவிட்டு எனக்காக வரப்பில் நின்றாள்.

வலிப்பு எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. மூளையில் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் மருந்தை மாற்றலாம் என்றார் டாக்டரம்மா. தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். எதிர்ச்சுவரில் கேமரா. மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். வரவில்லை.

"வீட்டுல கூப்பிடாமயே வரும். இங்க வெத்தல பாக்கு வைக்கணும் போலருக்கு" என்றாள் மனைவி.

"கேமராவப் பாத்து ஐயாவுக்குக் கூச்சம்மா" என்று நர்ஸ் சிரித்தார்.

மறுநாள் காலை, இட்லி தின்றுகொண்டிருந்தபோது வந்திருக்கிறது. கண் விழித்தபோது, எப்போதும்போல என் கையில் எங்கள் வீட்டுச் சாவி இருந்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுப்பது ஊர் வழக்கம்.

"பாக்குறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. என் வலிப்பை ஊரே பார்த்திருக்கிறது, நான் பார்த்ததில்லை. தலையாட்டினேன்.

திரையில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஓடும் கோடுகள். முதலில் கோடுகள் கலைந்தன. பிறகு என் வலது கை போர்வையைக் கிள்ளியது, நாற்றுக்கட்டிலிருந்து நாற்றைப் பிரிப்பதுபோல. உடம்பு துள்ளியது. மனைவி தட்டை நகர்த்தி, மணியை அழுத்தி, வேட்டியை இழுத்துவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். சாவியை எடுக்கவேயில்லை. காதருகே குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சத்தத்தைக் கூட்டினார்.

"தண்ணி பாஞ்சிருச்சுங்க. மடைய அடைச்சாச்சு. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க."

எல்லாம் அடங்கிய பிறகுதான் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

தொடங்குமிடம் தெரிந்துவிட்டது என்று வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஊர் திரும்பும் மன்னார்குடி பஸ்ஸில் மனைவியிடம் மெல்லக் கேட்டேன். "துள்ளும்போதுதானே சாவி கொடுக்கணும்?"

"இரும்புக்கு எங்க நிக்குது அது? முழிச்சதும் எங்க இருக்கோம்னு திருதிருன்னு பாப்பீங்க. சாவியத் தொட்டா வீட்டு ஞாபகம் வந்துரும்னு வைப்பேன்."

குறுவைப் பயிரை அறுத்து, அடுத்த போகமான தாளடியும் நட்டாயிற்று. நான் விழவில்லை. அவள் மறுபடி நடவுக்குப் போய்வந்தாள். விடியுமுன் மடை பார்க்க நான் தனியே போகிறேன். கிளம்பும்போது சாவியை நீட்டுவாள். நீதான் வீட்டில் இருக்கிறாயே, சாவி எனக்கெதற்கு என்று நான் கேட்பதில்லை. வாங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.