பாதி முகத்தோடு ஏழு மாதங்கள்

தெய்வானை இறந்த இருபதாம் நாள் காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வாய்க்குள் நிற்காமல் வலப்பக்கமாக வழிந்து சட்டையில் விழுந்தது. மறுபடி ஊற்றினேன். மறுபடியும் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. வலது கண் மூட மறுத்தது.

எனக்கும் அதுவே வந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நல்லதாய்ப் போயிற்று என்றும் நினைத்தேன்.

தெய்வானை என் மனைவி. தொழுவத்தில் கிடந்த லாட ஆணி அவள் குதிகாலில் ஏறியது. ரண ஜன்னி (காயத்தின் வழியே நுழையும் கிருமியால் உடம்பு விறைத்து வலிப்பு வரும் நோய்) வந்துவிடும், ஊசி போட்டுக்கொண்டு வரலாம் என்று அவளே கேட்டாள். அப்போது காட்டில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டச் சொல்லுடா. ஆணி குத்துனதுக்கெல்லாம் ஆராச்சும் பஸ் ஏறுவாங்களா?" என்றார் என் அண்ணன். நான் கேட்டுவிட்டு அடுத்த செடியைப் பிடுங்கினேன். எட்டாம் நாள் அவளுக்குத் தாடை பூட்டிக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள். அவளுக்கு வயது இருபத்தெட்டு. எங்கள் மகள் கமலாவுக்கு ஒன்பது.

கேரள எல்லையில் உள்ள எங்கள் வேலந்தாவளத்திலிருந்து கமலாவோடு பஸ் பிடித்துப் பாலக்காட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ரண ஜன்னியா என்று கேட்டேன். டாக்டர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். பாதி நெற்றிதான் சுருங்கியது. "இது அதல்ல, பேடிக்க வேண்டாம், பயமில்ல. முகவாதம்" என்றார். (முகத்தின் ஒரு பக்கத் தசைகளை இயக்கும் நரம்பு வேலை செய்யாமல் போவது.) மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மனசு சமாதானமா வெச்சுக்கணும்" என்றார்.

இருபது நாளாக ஊரே எனக்குச் சொன்னது அதைத்தான். எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. டாக்டருடைய மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்திருப்பேன். கமலா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் செய்யவில்லை.

இந்த நோய் வந்தவர்களுக்குச் சொல்கிறேன். வலி பெரிதில்லை. சோற்றில் உப்பு தெரியாது. ஒரு காதில் மட்டும் பாத்திரம் வைக்கிற சத்தம் இடிபோல விழும். எங்கள் பக்கத்து மேல்காற்றில் கண்ணுக்குள் மண் அடிக்கும். துணி கட்டாமல் வெளியே போக முடியாது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நான் இளிப்பதுபோல் தெரிந்தது. ஒருவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தே போய்விட்டார்.

அதே மருத்துவமனையில் வாரம் ஒருமுறை மின் தூண்டல் (தசை சுருங்குவதற்காக மெல்லிய மின்சாரம் செலுத்துவது) கொடுத்தார்கள். கொடுத்தவர் ஏலியாம்மா என்ற மலையாளத்துக்காரப் பெண். முடிந்ததும் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, கன்னத்தில் விரலை வைக்கச் சொல்வார்.

"அனங்குதா, அசையுதா இல்லயான்னு நோக்க வேண்டாம். அங்க இப்ப என்ன தோணுது, அது மாத்ரம் சொல்லுங்க. சூடா, தணுப்பா?"

மூன்றாம் வாரம் கண்ணாடியைக் கட்டிலில் வீசினேன். "எம் பொண்டாட்டி செத்துப் போயிட்டாளுங்க. கன்னஞ் சூடான்னு கேட்டுட்டு இருக்கறீங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்துத் துடைத்து மறுபடி என் கையில் வைத்தார். "இப்ப நல்ல தேஷ்யம், கோபம் வருது இல்லே? அது எவிட இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். இடது தாடை இறுகியிருந்தது. வயிற்றுக்கு மேலே ஒரு கை அகலத்துக்குச் சூடு. காதில் நாடி அடித்தது. அண்ணனுடைய முகம் நினைவுக்கு வந்ததும் சூடு ஏறியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நூறு எண்ணுவதற்குள் கொஞ்சம் இறங்கியது. போய்விடவில்லை. அன்றுவரை கோபம்தான் நான் என்று இருந்தேன். அது என் உடம்பில் ஒரு இடம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டிலும் காலையும் மாலையும் அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்தேன். பல நாள் ஒன்றும் தெரியாது. சில நாள் தெய்வானை ஊசி கேட்ட குரல் மட்டும் கேட்கும். அன்றைக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் மாதம் இமை பாதி மூடியது. அந்த வாரம் அண்ணன் வந்தார். அண்ணியின் தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்று தொடங்கினார். "ஊட்ல ஒரு பொம்பள வேணுமில்லடா? புள்ளய ஆரு பாக்கறது?"

தாடை இறுகியது, சூடு ஏறியது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்ததால் கத்தாமல் பேச முடிந்தது.

"ஊசி வேண்டாம்னு நீங்க சொன்னீங்கண்ணா. நாங் கேட்டுட்டு நின்னேன். நாம ரெண்டு பேருஞ் சேந்துதானுங்க அவளக் கொன்னோம்."

"நீ அவ புருசன்டா! உன்ர புத்தி எங்கடா போச்சு?"

"அதையேதானுங்க நானும் கேட்டுட்டு இருக்கறேன்."

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கல்யாணப் பேச்சை அதற்குப் பிறகு எடுத்ததில்லை. இப்போதெல்லாம் காட்டில் யாருக்கு முள் கீறினாலும் அவரே கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டுவிட்டு வருகிறார். அதைப் பார்த்தால் எனக்கு ஆறுதல் வருவதில்லை. ஆத்திரம்தான் வருகிறது. இதை அன்றைக்குச் செய்திருந்தால் என்ன? அவரை நான் மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. மன்னித்தால்தான் அமைதி வரும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோபத்தோடு ஒரே வீட்டில் இருக்க முடிகிறது. அது வரும்போது வந்திருக்கிறது என்று தெரிகிறது. எனக்குக் கிடைத்த அமைதி அவ்வளவுதான்.

ஏழாம் மாதம் வாய் நேரானது. ஆனால் நரம்பு மறுபடி வளரும்போது வழி மாறிவிட்டது. உமிழ்நீருக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டதாம். அதனால் ஏதாவது மென்றால் வலது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

"ஏனுங்கப்பா, அழுகறீங்களா?" என்று கமலா முதல் நாள் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"இல்லீடா சாமி. நரம்பு மாறி ஒட்டிக்கிச்சு. நீ சாப்புடு."

முன்பெல்லாம் நின்றபடியே நான்கு வாயில் தின்றுவிட்டுக் காட்டுக்கு ஓடுவேன். இப்போது ஒரு வேளைச் சோற்றுக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஒரு வாய் மெல்கிறேன். கண் வழிகிறது. துண்டால் துடைத்துக்கொள்கிறேன். உப்பு தெரிகிறது. அடுத்த வாய்.