ஸ்டாப்பருக்குக் கொடுக்காத கூலி

எங்கள் அருப்புக்கோட்டை கால்பந்து கிளப்புக்கு நான்தான் செயலாளர். ஜவுளிக்கடைக்காரன் என்பதால் வசூலும் செலவும் என் கையில். திருச்சுழியில் நடந்த போட்டிக்குச் சேர்ந்த பணத்தை அப்படியே தூத்துக்குடியிலிருந்து வரவழைத்த இரண்டு ஃபார்வர்டுகள் மேல் கொட்டினேன். கையில் காசு, கார், லாட்ஜ், மட்டன் பிரியாணி. கோல் விழுந்தால்தானே ஊர் கைதட்டும், அடுத்த வருஷம் நன்கொடை கேட்க முகம் இருக்கும்?

உள்ளூர்க்காரர்கள் சும்மா ஆட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பத்து வருஷமாகக் கோல்கீப்பருக்கு முன்னால் நின்று எதிராளிகளை மறித்த எங்கள் ஸ்டாப்பர் ஒரு விசைத்தறித் தொழிலாளி. போட்டிக்கு முதல் நாள் கடைக்கு வந்து நின்றான்.

"ரெண்டு நாள் தறிக்குப் போகலைன்னா கூலி போயிரும்ணே. அதை மட்டும் குடுங்க, வாரேன்."

"என்னலே, சொந்த ஊருக்கு ஆடக் கூலி கேக்குற? பந்தை மறிக்க எவன் வேணா நிப்பான்."

சேலை எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அதைச் சொல்லவே இப்போது கூசுகிறது.

அவன் வரவில்லை. ஓரத்தில் ஆடுகிறவனை அவன் இடத்தில் நிறுத்தினேன். மூன்று கோல் போட்டோம், ஐந்து வாங்கினோம். தோற்ற ஆத்திரத்தில் மைக்கைப் பிடுங்கி, எங்கள் ஸ்டாப்பர் காசுக்காக ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று பேர் சொல்லியே பேசினேன். காசு வாங்கி ஆடிய இரண்டு பேரும் பக்கத்தில்தான் நின்றார்கள். அவர்களுக்கு நானே துண்டு போர்த்தினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவன் கேட்டது அந்தப் பிரியாணிச் செலவுகூட இல்லை. இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் காலையில் அந்தக் கூலியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"ஆடாத மேட்சுக்கு எதுக்குண்ணே?" என்று பணத்தைத் தொடாமலே சொன்னான். பிறகு உள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க மைக்குல பேசுன வீடியோ எம்பிள்ளை ஸ்கூலு வரைக்கும் சுத்திருச்சு. நீ என்னப்பா தப்பு செஞ்சேன்னு கேக்குது. அதுக்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

யூனிஃபார்மோடு அந்தப் பெண் குழந்தை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தது. ஊரே கேட்கப் பேசிய நான், பணத்தைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"நல்லாப் படிக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.