இருபத்திரண்டு படியும் வியாழக்கிழமைப் பாயிண்ட்டும்

நாலாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் கட்டியதைச் சொல்கிறேன், எண்ணிக்கொள்ளுங்கள். சேலையூரில் ஏரிக்கரை ஓரம், இங்கே அஸ்திவாரம் நிற்காது என்று மூன்று பேர் கைவிட்டுப் போன மனையில் இரண்டு மாடி வீடு. பெருமழையில் அந்தத் தெருவே மிதந்தது, அந்த வீட்டில் ஒரு விரிசல் கிடையாது. மாடம்பாக்கத்தில் கல்யாண மண்டபம். கூரைக் கான்கிரீட் போட்ட மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பதினாறு ஆட்களோடு நின்றேன். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குச் சுற்றுச்சுவர். படித்தவர்கள் போட்ட வரைபடத்தில் ஒரு மூலை கோணலாக இருந்ததை நூல் பிடித்துப் பார்க்காமலே சொன்னேன். சிட்லபாக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. குரோம்பேட்டையில் ஒன்பது வீடு. எல்லாவற்றுக்கும் மேலே, அஸ்தினாபுரத்தில் என் சொந்த வீடு.

சொந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாலின் உயரம் பதினெட்டு அடி. அதில் வளைந்து ஏறும் மாடிப்படி, இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு தூண் கிடையாது. பார்க்க வந்த இன்ஜினியர் "இது நிக்காது மேஸ்திரி" என்றார். கான்கிரீட்டைத் தாங்கி நின்ற சென்டரிங் பலகையைப் பிரித்த அன்று அதற்கு நேர் அடியில் நானே பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். மேலே பதினோரு பேரை ஏறி இறங்கச் சொன்னேன். என் மனைவி தெருவில் நின்று சாபம் விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துளி சிமெண்டுகூட என் மேல் உதிரவில்லை.

அந்தப் படியைப் பார்த்துத்தான் சீரியல்காரர்கள் வந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வரும் சீரியல். ஹாலும் முன்னறைகளும் படியும் அவர்களுக்கு. பின்கட்டில் இரண்டு அறையும் சமையலறையும் எனக்கும் என் மனைவிக்கும். கதையில் அது ஒரு மில் முதலாளியின் வீடு. மேஸ்திரியின் வீடு முதலாளி வீடாகத் தெரிந்தது யாருடைய கைவேலை என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களோடு பழகியதில் எனக்கு வியாழக்கிழமை என்றால் என்ன என்று தெரிந்தது. எங்கெங்கோ சில வீடுகளில் டிவியோடு ஒரு பெட்டியை மாட்டிவைத்திருக்கிறார்களாம். அந்த வீட்டு ஜனங்கள் எதைப் பார்க்கிறார்கள், எப்போது எழுந்து போகிறார்கள் என்று அது கணக்கெடுக்குமாம். அதெல்லாம் கூடி வாரத்துக்கு ஒரு பாயிண்ட் ஆக, வியாழக்கிழமை காலையில் டைரக்டரின் போனுக்கு வரும். ஏறியிருந்தால் பிரியாணி. இறங்கியிருந்தால் ஹாலில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள். எந்த வீட்டில் அந்தப் பெட்டி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாதாம். இந்தப் பக்கத்தில் நான் கால் வைக்காத வீடு குறைவு. பூச்சு வேலைக்குப் போயிருக்கிறேன், ஒழுகலுக்குப் போயிருக்கிறேன். ஒரு வீட்டிலும் அந்தப் பெட்டியைப் பார்த்ததில்லை.

அந்த சீரியலில் முதலாளியின் அம்மாவாக நடித்தவர் ஒரு நாடகக்காரம்மா. பதினாறு வயதில் மேடை ஏறியவர். கோடம்பாக்கத்தில் மகளோடு இருந்தார். குரோம்பேட்டை வரை மின்சார ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஷாட்டுக்குக் கூப்பிடாத நேரங்களில் பின்கட்டுக்கு வந்துவிடுவார். பட்டுப்புடவையும் கவரிங் அட்டிகையுமாக என் மனைவியோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவார்.

"வியாழக்கிழமை வந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுண்ணா," என்றார் ஒருமுறை. "பாயிண்ட் எறங்கினா மொதல்ல தூக்கறது வயசானவங்களைத்தான்."

"அந்தப் பெட்டி எந்த வூட்ல கீதுன்னு மட்டும் சொல்லுங்க. நானே போயி உங்க மூஞ்சிய காட்டிட்டு வந்துடறேன்," என்றேன்.

"கிழிச்சாரு," என்றாள் என் மனைவி. "ரேஷன் கடைக்கே என்னிய அனுப்பற ஆளு."

அந்தம்மா வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார், திரையிலும் அப்படித்தான். உதடு மட்டும் நீளும்.

ஒரு சமயம் பாயிண்ட் மூன்று வாரம் தொடர்ந்து இறங்கியது. மூன்றாவது வியாழக்கிழமை டைரக்டர் ஹாலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்காரர், நல்ல மனிதர்தான், வாய் கொஞ்சம் நீளம். நான் அந்தப் பக்கமாகப் போனேன்.

"வாங்க மேஸ்திரி சார். எல்லாத்துக்கும் ஒரு ஐடியா வெச்சிருப்பீங்களே. இதுக்கு என்ன பண்ணலாம், சொல்லுங்க," என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் வந்து ஒரு வருஷம் ஆகியும் என் படியை முழுதாக ஒரு தடவைகூடப் படம் பிடிக்கவில்லை என்ற ஆத்திரமும் உள்ளே இருந்தது. சொன்னேன்.

"இருபத்திரண்டு படி கட்டி வெச்சுக்கீறேன். நீங்க மூணு படியத்தான் காட்டினு கீறீங்க. அந்த அம்மாவ மேலருந்து உருட்டி விடுங்க சார். ஒரு வாரம் உருளட்டும். எவன் எழுந்து போறான்னு பாக்கலாம்."

மறுபடி சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் படியின் அடியில் நின்று மேலே பார்த்தார்.

அடுத்த வாரமே எடுத்தார்கள். உருளுவதற்கு ஒரு டூப் வந்தது. அந்தம்மா மேல்படியில் தடுமாறுவார், அடியில் வந்து கிடப்பார். டிவியில் திங்களன்று கால் வழுக்கியது, வெள்ளியன்று தலை தரையில் மோதியது. ஐந்து நாளும் என் படிதான், ஐந்து நாளும் அவர் முகம்தான். அவர் பிழைப்பாரா சாவாரா என்பதை அப்போது எழுதவில்லை. பாயிண்ட் வந்ததும் முடிவு செய்வதாக டைரக்டர் சொல்லிவிட்டார்.

"ஏறிடுச்சுன்னா நான் தப்பிச்சேன் அக்கா," என்றார் அந்தம்மா என் மனைவியிடம். "ஜனங்க எனக்காகப் பாத்தாங்கன்னு ஆயிடும் இல்ல? என்னை எப்படித் தூக்குவாங்க?"

அதற்கடுத்த வியாழக்கிழமை காலை ஹாலிலிருந்து விசில் பறந்தது. ஏறியிருந்தது, எப்போதும் ஏறாத உயரத்துக்கு. அந்தம்மா பின்கட்டிலிருந்து ஈரக் கையோடு ஓடினார். டைரக்டர் அவரைக் கட்டிக்கொண்டார். "அம்மா, பிச்சுட்டீங்க!" பிறகு போனைப் பார்த்தபடியே ஆட்களிடம் சொன்னார்: "விழுந்ததுக்கே இவ்வளவுன்னா, செத்தா எங்கயோ போகும். மத்தியானமே எடுத்துடலாம். மாலை, பாடை, மோளம், எல்லாம் வேணும்."

அந்தம்மாவின் கை அவர் தோளிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுத்தான் எடுத்தார்.

மேளக்காரர்களையும் பாடை கட்டுகிறவரையும் தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தியது நான்தான். எனக்குத் தெரியாத ஆள் கிடையாது. வாசலில் மேளம் அடித்ததும் எதிர்வீட்டு டீச்சரம்மா ஒரு ரோஜா மாலையோடு அழுதுகொண்டே ஓடிவந்தார். கேட்டில் நின்றது என் மனைவி.

"ஐயோ, நீங்க இருக்கீங்களா!"

"கீறேன் டீச்சர். ஏன், நான் போய்ட்டேன்னு மாலையோட வந்துட்டீங்களா? பரவால்ல, குடுங்க, சாமிக்குப் போட்டுக்கறேன்."

சிரித்த அதே வாயால் என்னிடம் வந்து சீறினாள். "உயிரோட கீற பொம்பளைய நம்ம வூட்ல கெடத்தி ஒப்பாரி வெக்கறாங்க. நீ மோளம் புடிச்சாந்து குடுக்கற. நல்லாவாயா கீது?"

"நடிப்புடி," என்றேன்.

ஹாலின் நடுவே, படியின் காலடியில், தெற்கே தலை வைத்து அவரைக் கிடத்தினார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடைக்குக் கட்டு. நான் எத்தனையோ சாவு பார்த்தவன். அவர் அளவுக்கு யாரும் அசையாமல் கிடந்ததில்லை.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு சீன் முடிந்ததும் பிணமாகப் படுத்தவரை எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். அது எந்த எபிசோடிலும் வராது. ஒரு மனுஷரைக் கேமரா கடைசியாகப் பார்த்தது பிணமாக இருக்கக்கூடாது என்று ஒரு நம்பிக்கை. அன்றைக்குப் பிரியாணி வந்துவிட்டது. பாயிண்ட் ஏறிய கொண்டாட்டத்தில் கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு எல்லோரும் வாசல் பந்தலுக்குப் போய்விட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அந்தம்மா மட்டும் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார், பஞ்சும் காசுமாக. தாடைக்கட்டை மட்டும் அவிழ்த்திருந்தார்.

"சிரிக்கற ஷாட் எடுக்கலையேண்ணா."

"கேமராவ மூட்டை கட்டிட்டாங்களேம்மா."

"எடுக்காம எப்படி எந்திரிக்கறது?"

போய்க் கூப்பிட்டிருக்கலாம். பத்தடி தூரம். எனக்கு அது அற்ப விஷயமாகத் தோன்றியது. பசி வேறு. "நான் பாக்கறேன், என்னைப் பாத்து சிரிச்சிட்டு எழுந்து வாங்க," என்றேன்.

"நீங்க என்ன கேமராவாண்ணா?"

"அதுக்கு மேல. தூக்குக்குண்டு இல்லாமலே செவுரு கோணலைச் சொல்றவன்."

அவர் சிரித்தார். வாய் திறந்து சிரித்தார். மேல் வரிசையில் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் ஒன்று இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் இந்த வீட்டுக்கு வரவில்லை. அவர் படம் வந்தது. பெரிய சட்டம் போட்டு, பிளாஸ்டிக் மாலையும் சின்ன விளக்கும் மாட்டி, படிக்கு எதிர்ச்சுவரில் தொங்கவிட்டார்கள். ஷூட்டிங் இல்லாத நாளிலும் கழற்றக் கூடாது, அடுத்த காட்சியில் இடம் மாறினால் தெரிந்துவிடும் என்றார்கள். ஆணி அடித்துக் கொடுத்ததும் நான்தான்.

வியாழக்கிழமைகளில் போன் செய்வார். "இந்த வாரம் எப்படிண்ணா? ஃபிளாஷ்பேக் ஏதாவது எழுதறாங்களா? நான் வரணும்னா வரேன்." சொல்கிறேன் என்பேன். ஒரே ஒரு தடவை சொன்னேன். டைரக்டர் "பாக்கலாம் சார்" என்றார். ஒரு வியாழக்கிழமை அந்தம்மா கேட்டார்: "படியில உருட்டற யோசனை யாரு சொன்னதுண்ணா?"

செய்யாத வேலையைக்கூட நான் செய்ததாகச் சொல்லியிருக்கிறேன் வாழ்க்கையில். அன்றைக்கு, "டைரக்டர்தாம்மா," என்றேன்.

"நல்ல யோசனை," என்றார். "இத்தனை வருஷத்துல யாரும் எனக்குன்னு அஞ்சு நாள் குடுத்ததில்ல."

பிறகு போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. சில மாதம் கழித்து அவருடைய மகள் நேரில் வந்தாள். பல்லாவரத்தில் துணிக்கடையில் வேலை, சீருடையோடு வாசலில் நின்றாள். "அம்மா போய்ப் பத்து நாள் ஆகுது அங்கிள். காய்ச்சல்தான். காரியத்துக்கு வெக்க வூட்ல பெரிய படம் எதுவும் இல்ல. உங்க ஹால்ல இருக்கறதைக் குடுப்பீங்களா?"

சீரியல் ஆட்கள் தடுக்கத் தடுக்க ஸ்டூல் போட்டு ஏறி நானே கழற்றினேன். பிளாஸ்டிக் மாலையை உருவிவிட்டு, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்துக் கொடுத்தாள் என் மனைவி. வாங்கிக்கொண்டு மகள் சொன்னாள்: "சிரிக்கற ஷாட் எடுக்கலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கடைசிவரைக்கும் அது ஒண்ணுதான்."

என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று சொல்ல வந்தேன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

மறுநாளே சீரியல்காரர்கள் வேறு பிரதி எடுத்து மாட்டிவிட்டார்கள். இப்போதும் தொங்குகிறது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பின்கட்டில் டிவி ஓடும். அதில் என் ஹால் தெரியும், சுவரில் அவர் படம் தெரியும். என் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அப்பால், அதே ஹால், அதே சுவர், அதே படம். நடுவில் நான். படத்தில் அவர் உதட்டை மூடியிருக்கிறார். ஆனால் நான் ஹாலைக் கடக்கிறபோதெல்லாம் அந்தப் பல் இல்லாத இடம் தெரிகிறது. படியில் சத்தம் கேட்கிறது. வெயிலில் கான்கிரீட் விரியும், சத்தம் வரும், எனக்குத் தெரியாததா? ஆனால் விரிகிற சத்தம் எங்காவது ஓரிடத்தில் வரும். இது மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்குகிறது. எண்ணிப் பார்த்தேன். ஒருநாளும் இருபத்திரண்டுக்கு வந்து முடிந்ததில்லை. நான் மாடிக்குப் போவதை விட்டுவிட்டேன்.

"நெசமாவே மாலை போட்டாச்சு, இன்னும் எதுக்கு அது?" என்று என் மனைவி தினமும் கேட்கிறாள். பாயிண்ட் இறங்கவில்லையே, எப்படிக் கழற்றுவார்கள்?

போன மாதம் போனில் ஒரு பேட்டி பார்த்தேன். டைரக்டர்தான். அந்த ஐந்து நாளைப் பற்றி ஊரே பேசுகிறதாம், அந்த யோசனை எப்படி வந்தது என்று ஒரு பெண் கேட்கிறாள். "படியைப் பாத்துக்கிட்டே நின்னேன், சட்டுன்னு தோணுச்சு," என்கிறார். அடுத்த மாதம் சீரியலுக்கு விழா எபிசோட். உழைத்தவர்கள் பெயரெல்லாம் போடப்போகிறார்கள். என் பெயருக்கு நேரே "வீடு தந்து உதவியவர்" என்று வருமாம். சரிதானா என்று கேட்டு எழுதிக் காட்டினார்கள்.

சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிக் கொடுக்கிறேன். வீடு தந்தவர் என்று போட வேண்டாம், அதை யாரும் தருவார்கள். அந்தம்மாவைப் படியிலிருந்து உருட்டச் சொன்னவர் என்று போடுங்கள். நான்தான் சொன்னேன், டைரக்டர் அல்ல. இனிஷியலோடு முழுப்பெயரும் வேண்டும், கோடம்பாக்கத்தில் அவர் மகள் டிவிக்கு எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் படிக்க முடிகிற எழுத்தில்.