வாசனை இல்லாத வாயு

அடுப்புக்காரர் மூக்கை வைத்துப் பிழைக்கிறவர். முப்பது வருடமாக ஊரார் வீட்டு எரிவாயு அடுப்புகளைப் பழுது பார்க்கிறார். குழாயில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி பார்ப்பதெல்லாம் ஒப்புக்குத்தான். படியேறும்போதே கசிவு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்.

மனைவி போன பிறகு அவர் வீட்டு அடுப்பில் ஒரு பர்னர்தான் எரிகிறது. ஒரே மகள் கடல் தாண்டி ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். சனிக்கிரகத்தைச் சுற்றும் டைட்டன் என்ற நிலாவின் ஏரிகளைப் படங்களில் அளப்பது அவள் வேலை. ஞாயிறு காலை போன் செய்வாள். சாப்பிட்டீங்களா என்பாள், சாப்பிட்டேன் என்பார். மாத்திரை போட்டீங்களா என்பாள், போட்டேன் என்பார். திருப்பிக் கேட்கும் வழக்கம் மனிதருக்குக் கிடையாது. சில மாதமாக அதுவும் சுருங்கி, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் போனை வைத்துவிடுகிறாள். அந்தக் குறை அவரை அன்று முழுக்க வாட்டும்.

அவளுக்குப் பிடித்ததைப் பேசினால் கொஞ்ச நேரம் நிற்பாள் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தோடு புத்தகத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர், மூன்று வாரம் நூலகத்தில் உட்கார்ந்து முட்டி மோதிப் படித்தார். அந்த நிலாவில் தண்ணீரெல்லாம் உறைந்து பாறையாகக் கிடக்கிறதாம். ஏரியில் தேங்குவதும் மழையாகப் பெய்வதும் மீத்தேன், குளிரில் திரவமாகிவிட்ட எரிவாயு. சிலிண்டர் வரவில்லை என்று இங்கே தெருவே புலம்ப, அங்கே ஏரி ஏரியாகக் கேட்க நாதியில்லாமல் கிடக்கிறதே என்று அவருக்கு ஆற்றாமை.

அந்த ஞாயிறு, மாத்திரைக் கேள்வி முடிந்ததும் முந்திக்கொண்டார்.

"ஏம்மா, உன் நிலாவுல அவ்வளவு கேஸ் இருக்கே, தீப்பிடிக்காதா?"

மறுமுனையில் சின்னச் சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. "ஆக்சிஜன் இல்லப்பா. தீக்குச்சிகூட எரியாது."

"வாசனையும் இருக்காதே."

"ஏன் இருக்காது?"

"கேஸுக்கு ஏதும்மா வாசனை? வீட்டுக்கு வர்றதுல நாத்தத்தைச் சேத்துல்ல அனுப்பறாங்க. கசிஞ்சா யாராவது கவனிக்கணும்ல. அங்க கவனிக்க யாரு இருக்கா?"

படித்த மகளுக்கே பாடம் எடுத்துவிட்ட பெருமையில் காத்திருந்தார். மூக்குறிஞ்சும் சத்தம்தான் வந்தது. அழுகிறாள் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"அந்த வேலை போய் ஆறு மாசமாச்சுப்பா," என்றாள். "திட்டத்தையே மூடிட்டாங்க. கவலைப்படுவீங்கன்னு சொல்லல. ரூம்லயேதான் கிடக்கறேன். வாரத்துல உங்ககிட்ட மட்டும்தான் பேசறேன்."

ஊரார் வீட்டுக் கசிவையெல்லாம் படியிலேயே பிடித்தவருக்கு, வாராவாரம் போனைக் காதில் வைத்திருந்தும் இது எட்டவில்லை. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அவள் வழக்கமாகக் கேட்பதையே எடுத்துக்கொண்டார்.

"சாப்பிட்டியா?"

"இல்லப்பா."

"போனை வைக்காத. அடுப்புப் பக்கத்துல வச்சிட்டு எதையாவது சமை. நான் இருக்கேன்."

அவள் எழுந்து போவது கேட்டது. பாத்திரம் உருண்டது. அடுப்பு மூன்றாவது சொடுக்கில்தான் பற்றி, படபடவென்று விட்டுவிட்டு எரிந்தது.

"பர்னர் ஓட்டை அடைச்சிருக்கு," என்றார். "அணைச்சிட்டு ஒரு ஊசி எடுத்துட்டு வா. சொல்றேன்."